மிஷினுக்கு உப்பு ஏறக் கூடாது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தைப் படித்து அச்சில் ஏற்றுகிறவர்கள் போன வாரமும் கஷ்டப்பட்டிருப்பார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்கப்புறம் என் கை பிடித்ததெல்லாம் உப்பு வாரும் பலகை. பேனாவையும் அதே மாதிரி அழுத்திப் பிடிக்கிறேன் போலிருக்கிறது, தாள் கிழிகிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தி விடாதீர்கள்.

போன வாரம், காலில் வெடிப்பு ஆறாமல் நான் உப்புப் பாத்தி வேலையை விட்டு ஆபீஸ் வேலைக்கு வந்த கதையை இந்தப் பத்திரிகையில் எழுதினேன். இந்த வாரம் கோபமாக எழுதுகிறேன். நேரில் எனக்குக் கோபம் வந்தாலும் வாய் வராது. நாலு பேர் பார்த்தால் தலை குனிந்து விடுவேன். பேனாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

உறுதிமொழி

மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில் ஒரு உப்புக் கம்பெனி ஆபீஸ். அதில் நான் அட்டெண்டர். கதவு திறப்பது, பெருக்குவது, டீ போடுவது, சாயந்திரம் பூட்டுவது என் வேலை. ஆபீசுக்கு எதிரே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. விடிவதற்கு முன்னால் பாத்தியில் உப்பு வாரிச் சுமக்கும் பெண்கள், வெயில் ஏறியதும் அந்தக் கொட்டகைக்கு வந்து உப்பு மூட்டை பிடித்துத் தைப்பார்கள். என் மனைவி அஞ்சலையும் அவர்களில் ஒருத்தி.

அன்றைக்கு மின் சிக்கன வாரம் என்று சொல்லி, சென்னை ஹெட் ஆபீசிலிருந்து ஒருவர் பேனரோடு வந்திருந்தார். கொட்டகையில் பெண்களை உட்கார வைத்தார்கள். மேனேஜர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார்.

"ஏழுமலை, நீதான் அவங்களோட பழக்கமானவன். நீ படி. அவங்க திருப்பிச் சொல்லட்டும்."

எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"தேவையில்லாத விளக்குகளையும் மின்விசிறிகளையும் அணைப்பேன்..."

'மின்விசிறி' என்றதும் அத்தனை பெண்களும் மேலே பார்த்தார்கள். மேலே ஒரு வெறும் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்த ஃபேனை முந்தின வாரம்தான் கழற்றியிருந்தோம்.

முன்வரிசையில் இருந்த முனியம்மா அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்பா ஏழுமலை, அந்தக் கொக்கிய அணைக்கணுமா, எரிய வுடணுமா? அதச் சொல்லு மொதல்ல."

கொட்டகையே சிரித்தது. பேனர்காரர் அந்தச் சிரிப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கடைசி வரிசையில் அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை, உறுதிமொழியைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. அவள் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

என் முதுகுக்குப் பின்னால், மூடிய கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, ஆள் இல்லாத அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி குளிர்ந்துகொண்டிருந்தது.

பாய் சொன்ன மருந்து

அந்த ஏசி ஏன் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியைக் கையால் பிட்டால் பொறை ரொட்டி மாதிரி உதிரும். சைக்கிள் மணி ஒரு மழைக்காலம் தாண்டாது. ஃபேன் றெக்கையை எலி கடித்த மாதிரி ஓரம் ஓரமாகக் காற்று தின்றிருக்கும். இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை.

ஒரு வருஷம் மழை விடாமல் பெய்த பிறகு, பொங்கல் லீவுக்கு ஆபீசை மூடிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து ஜெராக்ஸ் மிஷினைப் போட்டால் அது செத்துக் கிடந்தது. கடைத்தெருவில் ரேடியோ, டிவி, யூபிஎஸ் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் ஷெரீப் பாயைக் கூட்டி வந்தேன். பாய் மூடியைத் திறந்தார். உள்ளே வயரெல்லாம் பச்சை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புதான் சார். மழ நாள்ல லீவு வுட்டா, தெனம் யாராச்சும் வந்து கொஞ்ச நேரம் ஓட வுடுங்க. சூடு ஏறுனா ஈரம் போயிடும். இன்ஷா அல்லா, பொழைச்சிக்கும்."

இதுதான் பாய் சொன்னது. நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜருக்கு அன்றைக்குப் பிடித்த பயம் வளர ஆரம்பித்தது. முதலில் ஜெராக்ஸ் மிஷின் மழைக்காலம் பூராவும் ஓடியது. பிறகு மழை நின்றும் ஓடியது. அப்புறம் கம்ப்யூட்டர், பிரிண்டர், கைரேகை வைக்கும் மிஷின். கடைசியில் ஏசி. ஏசி இருந்தால் ஈரத்தை உறிஞ்சுமாம். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, சித்திரை வெயில் எதுவும் கணக்கில்லை. ஒவ்வொரு சுவிட்சின் மேலும் சிவப்பு டேப் ஒட்டி, "அணைக்காதே" என்று எழுத வைத்தார். எழுதியது நான்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிழை இல்லாமல் எழுத எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

அது ஆபீசோடு நிற்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் அதே சட்டம். கணக்குப் பார்க்கும் தம்பி தன் வீட்டு டிவியைச் சுவிட்சில் அணைப்பதே இல்லையாம், ரிமோட்டில்தான் அணைப்பானாம். "உள்ள கொஞ்சம் உசுரு இருக்கணும்ணே, இல்லன்னா உப்பு ஏறிடும்" என்றான்.

பூனைக்கு மெத்தை

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நான் ஆபீசில் பார்த்ததை வீட்டில் செய்தேன். டிவியில் சிவப்புப் பொட்டு எப்போதும் எரியும். அதற்கடியில் கேபிள் பெட்டி. எங்கள் வீட்டுப் பூனை வெயில் காலத்தில் கூட அந்தப் பெட்டி மேல்தான் படுக்கும்.

ஒரு நாள் அஞ்சலை பூனையைத் தூக்கிவிட்டுப் பெட்டி மேல் கை வைத்தாள்.

"ஏய்யா, இங்க வந்து தொட்டுப் பாரு."

தொட்டேன். சோறு வடித்து வைத்த பானை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"டிவி பாத்து நாலு நாளாச்சி. இது எதுக்குச் சுடுது? பூனைக்குக் கரண்டுல மெத்த போட்டுக் குடுத்திருக்கியா நீ?"

அன்றிலிருந்து பார்க்காத நேரத்தில் டிவியையும் பெட்டியையும் சுவரிலேயே அணைக்கிறோம். போன் ஏறியதும் சார்ஜரைப் பிடுங்கி வைக்கிறோம். மழை நாளில் மட்டும் தினம் கொஞ்ச நேரம் டிவியைப் போட்டு எடுக்கிறோம். இதுவரை டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைதான் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

சிக்கனம் எங்கே ஆரம்பித்தது

எப்போதும் எல்லாம் ஓடினால் கரண்ட் பில் ஏறாமல் என்ன செய்யும்? ஹெட் ஆபீசிலிருந்து போன் வந்தது. மேனேஜர் போனை வைத்துவிட்டு எழுந்தார். "வா ஏழுமலை, எங்க வேஸ்ட் ஆவுதுன்னு பாப்போம்" என்றார்.

நான் பின்னால் போனேன். அவர் தன் அறையில் ஓடும் ஏசியைத் தாண்டிப் போனார். யாரும் உட்காராத மேஜையில் எரிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர்களைத் தாண்டிப் போனார். கேன் தண்ணீர் வைக்கும் மிஷின் ஒன்று உண்டு. ஒரு குழாயில் வெந்நீர், ஒரு குழாயில் ஐஸ் தண்ணீர். குடிக்க ஆள் இல்லாத நாளிலும் அது ஒரு பக்கம் கொதித்துக்கொண்டும் ஒரு பக்கம் உறைந்துகொண்டும் இருக்கும். அதையும் தாண்டிப் போனார். நேராக வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, கொட்டகைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார்.

"பாரு. இங்கதான் வேஸ்ட் ஆவுது."

ஃபேன் கழற்றப்பட்டது. டியூப் லைட், "பகல்ல எதுக்கு லைட்டு?" என்று போனது. மூட்டை அடுக்கிய மூலையில் பகலிலும் இருட்டுதான், கோணி ஊசி கையில் ஏறும். ஊசி ஏறுவது அவர் கையில் இல்லையே.

கடைசியாகத் தண்ணீர் மிஷின். எங்கள் பக்கம் நிலத்தடியில் வருவது வாயில் வைக்க முடியாத உவர்த் தண்ணீர். அதைச் சுத்தம் பண்ணிக் கொடுக்க, கொட்டகைச் சுவரில் ஒரு சின்ன மிஷின் மாட்டியிருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு அது ஒன்றுதான் குடிதண்ணீர்.

"வீட்லருந்து பாட்டில்ல கொண்டாரட்டும். புடுங்கிடு" என்றார்.

என்னைத்தான் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன்.

நான் கேட்கப் போனது

அடுத்துச் சொல்லப் போவதை எழுதலாமா என்று அஞ்சலையைக் கேட்டேன். "எழுது, பாத்தியில நிக்கற பொம்பளைங்க எல்லாத்துக்கும் இருக்கறதுதான" என்றாள்.

அவளுக்கு நீர்க்கடுப்பு. போன வருஷம் அது முற்றி, குளிர் ஜுரம் வந்து, திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். ஊசி போட்ட டாக்டரம்மா, "உப்புல நிக்கற பொம்பள நீ. தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும். மறுபடி இப்படி வந்தா கிட்னியில போயி நிக்கும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

தண்ணீர் மிஷின் நின்ற பிறகு, அவள் பாத்திக்குக் கொண்டு போகும் பாட்டில் கொட்டகைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். மிச்சம் இருந்தால் அது சுடும். மறுபடி கடுப்பு ஆரம்பித்தது. என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கண்ணை மூடி நின்றாள். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே மேனேஜரிடம் பேசிவிடுவது என்று டீ எடுத்துக்கொண்டு போனேன். மேஜை மேல் வைத்தேன். நகராமல் நின்றேன்.

"என்ன?" என்றார்.

"சார், தண்ணி மிஷினு..."

"என்ன மிஷினு?"

"டீ ஆறிடும் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரோட்டைக் கடக்கும்போது எனக்கே என் மேல் அவ்வளவு எரிச்சல்.

அஞ்சலை கேட்டது

இப்போது மறுபடி உறுதிமொழிக்கு வருகிறேன். நான் படித்து முடித்ததும் பேனர்காரர் கை தட்டினார். "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்கம்மா" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் கேட்டார்.

கடைசி வரிசையில் அஞ்சலை எழுந்தாள்.

"சார், எதிர்ல ஏசி ஓடுது. உள்ள யாரும் இல்ல. அது யாருக்கு ஓடுதுங்க?"

மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அது மனுஷங்களுக்கு இல்லம்மா. மிஷினுக்கு. உப்பு ஏறுனா மிஷின் போயிடும்."

"மிஷினுக்கு உப்பு ஏறுனா பாய் வந்து தொடச்சிக் குடுப்பாரு. எங்களுக்கு ஏறுனா யாரு சார் தொடைக்கறது?"

பேனர்காரர் கண்ணாடியைச் சரி செய்தார். "நல்ல பாயின்ட். குறிச்சிக்கறேன்" என்றார். எதிலும் குறிக்கவில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு போனார். ஃபேனும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை.

ஒரு எட்டு

மறுநாள் வெயில் உச்சிக்கு வருகிற நேரம். நான் கண்ணாடிக் கதவு பக்கம் நின்றிருந்தேன். பாத்தியிலிருந்து வருகிறவர்களைக் கால் கழுவாமல் உள்ளே விடக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான்.

கொட்டகையிலிருந்து அஞ்சலை ரோட்டைக் கடந்து வந்தாள். கையில் காலி பாட்டில். பின்னால் முனியம்மா அக்கா. அதற்குப் பின்னால் மற்றவர்கள், எல்லார் கையிலும் காலி பாட்டில். முழங்கால் வரை உப்புச் சேறு. புடவை நுனியெல்லாம் உப்பு விறைத்து நின்றது.

"தள்ளிக்கோ" என்றாள்.

"அஞ்சல, உள்ள சார் இருக்காரு."

"இருக்கட்டும். அவரு தண்ணி பூராத்தையும் குடிச்சிட மாட்டோம். அவருக்கும் வைப்போம்."

"காலாவது கழுவிட்டு வா."

"எதுல கழுவ? நீதான மிஷின புடுங்குன."

உள்ளே விட்டால் வேலை போய்விடும் என்று தெரியும். வேலை போனால் மறுபடி பாத்திதான் என்றும் தெரியும், என் கால் அதற்கு ஆகாது. அவள் உதட்டைப் பார்த்தேன். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு எட்டு நகர்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள வழி வுட்டுட்டாரு, வாங்கடி" என்றது அக்கா.

வரிசையாக நின்று பிடித்தார்கள். கேன் தண்ணீர் மிஷின் குபுக் குபுக்கென்று சத்தம் போட்டது. அஞ்சலை அங்கேயே நின்று, தலையைத் தூக்கி, மூச்சு விடாமல் குடித்தாள். தொண்டையில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. மறுபடி பிடித்தாள்.

வழவழப்பான டைல்ஸ் மேல் அவர்கள் நடந்த இடமெல்லாம் ஈரக் கால் தடம். ஏசிக் காற்றில் அது காயக் காய வெள்ளையாக மாறியது. புடவையிலிருந்து உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், ஜெராக்ஸ் மிஷின் காலடியில், எல்லா இடத்திலும் உப்பு.

மேனேஜர் அறையிலிருந்து வந்தவர் பாம்பைப் பார்த்த மாதிரி நின்றார்.

"யாரு உள்ள வுட்டது? ஐயோ, உப்பு! மிஷின் இருக்குது, உப்பு!"

"தண்ணி குடிக்க மாட்டேன்னு உறுதிமொழியில இல்லீங்களே சார்" என்றது அக்கா. "இருந்திருந்தா ஏழுமல படிச்சிருக்குமே."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். தலை குனியவில்லை என்று எழுத ஆசைதான். குனிந்துதான் இருந்தேன். ஆனால் கதவை விடவில்லை.

அடுத்த நாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். நான் பெருக்கிப் பெருக்கி முறத்தில் உப்பு அள்ளினேன். அன்றைக்கு மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தண்ணி மிஷினப் போட்டுத் தொல. இனிமே ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. இருக்கற மிஷினெல்லாம் பாழாப் போயிடும்."

ஓடிப் போய் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பெண்கள் கைதட்டினார்கள். அஞ்சலைக்குக் கடுப்பு மெல்ல அடங்கியது, இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் படுத்தால் ஒன்று குத்துகிறது. ஒரு பெண் வலியில் பல்லைக் கடித்து நின்றபோது தண்ணீர் வரவில்லை. மிஷின் மேல் உப்பு படும் என்றதும் வந்துவிட்டது. எங்கள் தாகத்துக்குக் கிடைத்த தண்ணீர் இல்லை அது. ஜெராக்ஸ் மிஷினுக்காகக் கிடைத்த தண்ணீர்.

ஃபேன் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் கிடக்கிறது. "ஏசியில போயி உக்காந்து மூட்ட தைக்கலாமாடி" என்று அக்கா ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

எழுதுகிற இடம்

யூபிஎஸ் பார்க்க ஷெரீப் பாய் போன மாதம் வந்தார். சிவப்பு டேப்புகளைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! மழைக்குச் சொன்ன மருந்த வருஷம் பூரா குடிக்கிறீங்களா சார்?"

"எதுக்கு பாய் ரிஸ்க்கு" என்றார் மேனேஜர். டேப் அப்படியே இருக்கிறது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாட்ச்மேன் கிளியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். காவலுக்கு நான்தான். கொட்டகையில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே வெயில் கண்ணைப் பறிக்கிறது. காற்றில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ரோட்டுக்கு எதிரே, பூட்டிய ஆபீசுக்கு உள்ளே, ஏசியும் கம்ப்யூட்டர்களும் ஜெராக்ஸ் மிஷினும் ஓடுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. யாருக்கு ஓடுகின்றன? அஞ்சலை கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. பேனாவை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன். சிவப்பு டேப்பை ஒவ்வொன்றாக உரித்தேன். ஏசி, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஜெராக்ஸ் மிஷின், வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் வரும் அந்த மிஷின், எல்லாவற்றையும் சுவரிலேயே அணைத்தேன். ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அதற்குப் பிறகு உப்பு அம்பாரத்தின் மேல் மூடிய ஓலையைக் காற்று புரட்டுகிற சத்தம் உள்ளே வரை கேட்டது. இத்தனை வருஷத்தில் ஆபீசுக்குள் நின்று அதை நான் கேட்டதில்லை.

மூலையில் இருக்கும் காமிராவை மட்டும் அணைக்கவில்லை. நான் அணைப்பதை அது பார்க்கட்டும். இந்தப் பத்திரிகையை மேனேஜரும் வாங்குகிறார். அவர் படிக்கட்டும்.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.